சனிக்கிழமை உறுமல்

டாபியோலா, மிச்சிகன்
7 ஜனவரி 1996

வாத்தியார் மச்சானுக்கு,

ஆர்வோ எழுதுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுடைய எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்காதே. உன் தங்கச்சி லெம்பி நலம். நானும் நலம்தான், நெஞ்சைக் கிழித்துத் தைத்த இடம் தும்மினால் மட்டும் வலிக்கிறது. அதனால் தும்முவதை விட்டுவிட்டேன்.

நீ அங்கே ஃபிளாரிடாவில் அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பாய். உன் மூச்சுக்குக் குளிர் ஆகாது, என் இதயத்துக்குச் சூடு ஆகாது. ஒரு டாக்டர் உன்னைத் தெற்கே துரத்தினார். இன்னொரு டாக்டர் என்னைச் சவுனாவிலிருந்து துரத்தினார். "பனி உருகுற வரைக்கும் அந்த வெக்கையில உக்காரக் கூடாது" என்கிறார். பிறந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவியில் வெந்து குளித்தவனிடம் சொல்லுகிற பேச்சா இது? நான் முகத்தைத் தொங்கப்போட்டதைப் பார்த்து லெம்பி அங்கேயே, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலேயே, சத்தியம் செய்துவிட்டாள். "நீ போற வரைக்கும் நானும் சவுனாக்குள்ள கால் வைக்க மாட்டேன். போதுமா?" நர்ஸ் எங்கள் ஊர் ஃபின்னிஷ்காரி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்குத் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பூட்டின வீட்டில் சில்லிட்டுப் போகும் என்று உன் பாட்டுப் பெட்டியை என் வீட்டில் விட்டுப் போனாய். புண்ணியமாகப் போகட்டும், விறகு வெட்டக் கூடாது, பனி தள்ளக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று கிடக்கிறவனுக்கு அது ஒன்றுதான் துணை. அதோடு கரண்டை வடிகட்டுகிற பெட்டி என்று தூண்டில் பெட்டி அளவில் ஒன்றையும் வைத்துவிட்டுப் போனாயே, இரும்பு அடுப்புக் கனத்தில்? காப்பிக்கு வடிகட்டி உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கரண்டில் என்ன வண்டலா படிகிறது? பாட்டுப் பெட்டியைச் சுவரில் நேராகச் செருகிவிட்டு, உன் வடிகட்டியில் கரண்ட் காப்பிப் பானையைச் செருகினேன். காப்பி பிரமாதம்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. லெம்பி கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் அக்கார்டியன் ரெக்கார்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உன் ஆம்ப்ளிஃபையர் உறும ஆரம்பித்தது. நாய் எலும்பைக் கவ்விக்கொண்டு உறுமுமே, அப்படி. கடிக்குமா?

ஆர்வோ

*

லேக் வொர்த், ஃபிளாரிடா
13 ஜனவரி 1996

ஆர்வோ மாப்பிள்ளைக்கு,

காப்பிப் பானையை உடனே கழற்று. மீதியைப் பிறகு படி.

கழற்றியாயிற்றா? நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த தாளில் முதல் வரியே வடிகட்டிப் பெட்டியைப் பற்றித்தான். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் கரண்ட் வருகிறது. ஊருக்கே அதுதான் கடைசிக் கம்பம். வழியிலிருக்கும் ஒவ்வொரு வீட்டு மோட்டாரும் குளிர்பெட்டியும் தன் அழுக்கைக் கம்பியில் துப்பிவிட்டு மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்புகின்றன. அந்த அழுக்கோடு பாட்டுக் கேட்பது, சேற்றுத் தண்ணீரில் முகம் கழுவுவது மாதிரி. பெட்டி போட்டால் பாட்டுக்குப் பின்னாலிருக்கும் இருட்டு ஆழமாகும். பாடுகிற பெண் மூச்சு இழுப்பது கேட்கும். பத்து வருஷமாகச் சொல்கிறேன், உன் காதில் ஏறவில்லை.

உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வருகிறதா, ஆம்ப்ளிஃபையரின் வயிற்றிலிருந்தே வருகிறதா? எப்போது ஆரம்பிக்கிறது, எப்போது நிற்கிறது? கேலி பேசாமல் பார்த்து எழுது.

லெம்பியை என் வீட்டுக் குழாய்களைக் கவனித்துக்கொள்ளச் சொல். சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

வில்பர்ட்

*

டாபியோலா
21 ஜனவரி 1996

வாத்தியார் மச்சானுக்கு,

நீ சொன்னபடி பரீட்சை எழுதினேன். மார்க் போட்டு அனுப்பு.

முதல் கேள்வி. உறுமல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, வயிற்றிலிருந்துதான் வருகிறது. சத்தத்தை முழுக்கக் குறைத்தாலும் உறுமுகிறது. கை வைத்தால் இரும்பு நடுங்குவது தெரிகிறது. இரண்டாவது கேள்வி. உன் பெட்டியில் செருகினால் உறுமல் நிற்கிறது, எடுத்தால் மறுபடி வருகிறது. இதை ஒத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று நீ நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்படலாம். பாட்டில் மட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. பின்னால் இருட்டு வேண்டுமென்றால் விளக்கை அணைத்துக்கொள்கிறேனே.

மூன்றாவது கேள்விதான் வேடிக்கை. திங்கள் முதல் வெள்ளி வரை உன் ஆம்ப்ளிஃபையர் நல்ல பிள்ளை, மூச்சு விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. சனிக்கிழமை சாயங்காலம் லெம்பி பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போனதும் உறுமுகிறது. அவள் வீடு திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் அடங்குகிறது. வாரா வாரம் இப்படித்தான். உன் கம்பியில் வருகிற அழுக்கும் கோயிலுக்குப் போகிற அழுக்காக இருக்குமோ?

நேற்று அவள் வந்தபோது தலை ஈரம், கன்னம் இரண்டும் தக்காளி.

"என்னடி, பாட்டுப் பாடினா இப்படி வேர்க்குமா?"

"வெளியில பனி கொட்டுது ஆர்வோ. ஜன்னல்ல பாரு."

பார்த்தேன். பனி கொட்டத்தான் செய்தது. இங்கே பனி கொட்டாத நாள் எது?

ஆர்வோ

*

லேக் வொர்த்
27 ஜனவரி 1996

ஆர்வோ,

மாப்பிள்ளை என்று கூப்பிட மனசு வரவில்லை.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது தெருவில் வருகிற அழுக்கு இல்லை. என் சவுனாவின் மின் அடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் சூட்டைக் குறைத்துக்கொள்ள அதற்கு நானே ஒரு சுவிட்ச் வைத்தேன். அதிலிருந்து என் பெண்டாட்டி மார்லிஸ் குளிக்கப் போனால் கூடத்தில் ஆம்ப்ளிஃபையர் வயிறு உறுமும். பெட்டி போட்டால் அடங்கும். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். உலகத்தில் வேறு எந்தச் சாமானும் அப்படி உறும வைக்காது.

ஆக, பூட்டிக் கிடக்கும் என் வீட்டில் சனிக்கிழமைதோறும் யாரோ சவுனா போடுகிறார்கள். லெம்பி வெளியே போனதும் ஆரம்பிக்கிறது, அவள் வருவதற்குள் முடிகிறது. அவள் இல்லாத நேரத்தில் என் வீட்டுச் சாவி உன் வீட்டு ஆணியில்தான் தொங்கும். உறுமலைக் கேட்டதாகவே கதை கட்டி எனக்கு எழுதுகிறாயே, அது எதற்கு? நான் சந்தேகப்படக் கூடாது என்றா?

ஆர்வோ, இது விளையாட்டு இல்லை. அந்த டாக்டர் சும்மா சொல்லவில்லை. என் வீட்டுப் பலகையில் நீ பிணமாகக் கிடந்தால் என் தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அவள் உனக்காகத் தன் சனிக்கிழமையையே விட்டிருக்கிறாள். நீ அவள் முதுகுக்குப் பின்னால் போய் வேர்க்கிறாய். நிறுத்து. நிறுத்தாவிட்டால் மார்லிஸை விட்டு அவளிடம் சொல்லச் சொல்வேன்.

வில்பர்ட்

*

டாபியோலா
4 பிப்ரவரி 1996

வில்பர்ட்,

திருடன் என்று சொல், பொறுத்துக்கொள்வேன். மின் அடுப்புச் சவுனாவுக்குத் திருட்டுத்தனமாகப் போனேன் என்று சொல்லாதே. அதற்குப் பெயர் சவுனாவா? ரொட்டி வாட்டுகிற பெட்டி. விறகு வாசனை கிடையாது, தீ பேசுகிற சத்தம் கிடையாது. சாவதென்றால் என் விறகு அடுப்புப் பக்கத்தில் மரியாதையாகச் சாவேன், உன் வீட்டில் வாட்டிய ரொட்டியாகச் சாக மாட்டேன். போதாததற்கு, நமக்கு நடுவிலுள்ள வயலில் பனி என் இடுப்பளவு கிடக்கிறது. என்னால் தபால் பெட்டி வரைக்கும் போய்வரவே வழியில் நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது.

நான் இல்லை. இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் இல்லையென்றால் யார்?

இனிமேல் எழுதப்போவதைச் சிரித்துக்கொண்டு எழுதவில்லை.

கிளைடு வந்திருந்தான். நான் விடுப்பில் இருப்பதால் கவுண்டி சாலைத் துறைக்காரர்கள் என் பனி தள்ளும் வண்டியை அவனிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். மனைவியை இழந்தவன், தனி ஆள், இந்த வயதிலும் போல்கா ஆட்டத்தில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். லெம்பி மாட்டுக்காரர் வீட்டுக்குப் பால் வாங்கப் போயிருந்தாள். நான் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"கோயில் வாசல்ல பனிய நல்லாத் தள்ளுறியா கிளைடு? சனிக்கிழமை லெம்பி வண்டி அங்க சறுக்கப் போகுது."

"சனிக்கிழமையா? அன்னிக்கு அங்க பூட்டுதான தொங்குது. பாட்டுப் பயிற்சியப் புதன்கிழமைக்கு மாத்தி எத்தன நாளாச்சு!"

சொன்னவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். கொதிக்கிற காப்பியை அப்படியே விழுங்கினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வில்பர்ட் வீட்டுப் பாதையையும் தள்ளுறியா?" என்றேன்.

"அது... சும்மா... தீயணைப்பு வண்டி கிண்டி வரணும்னா வேணும்ல?"

பூட்டின வீட்டுக்கு எதற்கு மச்சான் பாதை? நான் இருபது வருஷம் அந்த வண்டி ஓட்டியிருக்கிறேன். ஆள் இல்லாத வீட்டு முன்னால் ஒரு தரம்கூடப் பனி தள்ளும் தகட்டை இறக்கியதில்லை.

சாவி லெம்பியிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நீதான் எழுதினாய். அது உண்மையா? வேறு யாரிடமாவது கொடுத்திருந்தால் சொல். கொடுத்திருக்கிறேன் என்று சொல்லேன்.

ஆர்வோ

*

லேக் வொர்த்
11 பிப்ரவரி 1996

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். இங்கே வெயில் நன்றாக இருக்கிறது. தோட்டத்து ஆரஞ்சில் ஒரு பெட்டி உங்களுக்கு அனுப்பியிருக்கிறேன்.

போன கடிதத்தில் அவசரப்பட்டு எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். யோசித்துப் பார்த்ததில் அந்த உறுமலுக்கும் என் சவுனா அடுப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று தோன்றுகிறது. குளிர்பெட்டியாக இருக்கலாம். கிணற்று மோட்டாராக இருக்கலாம். குளிரில் இரும்பு சுருங்குவதாலும் இருக்கலாம். இப்படிப்பட்ட சத்தங்களுக்கெல்லாம் அர்த்தம் தேடக் கூடாது.

உண்மையைச் சொன்னால் அந்த வடிகட்டிப் பெட்டியே தேவையில்லாத ஒன்றுதான். நீ இத்தனை வருஷம் சொன்னது சரி. அதனால் பாட்டு ஒன்றும் நன்றாகிவிடுவதில்லை. இருந்தாலும் சனிக்கிழமைகளில் மட்டும் அதில் செருகிக்கொண்டு, அமைதியாக உட்கார்ந்து கேள். வேறெதையும் நினைக்காதே. உன் நெஞ்சுக்கு அமைதிதான் முக்கியம்.

மார்லிஸ் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். இந்த வாரம் எங்கள் போன் ரொம்ப நேரம் பிஸியாக இருந்தது, நீ கூப்பிட்டிருந்தால் கிடைத்திருக்காது.

வில்பர்ட்

*

டாபியோலா
18 பிப்ரவரி 1996

மச்சான்,

உனக்குக் காய்ச்சலா? ஆரஞ்சில் எதையாவது கலந்து குடிக்கிறாயா?

உன் பெட்டி தேவையில்லை என்று நீ எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துதானா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நம் ஊர் வாணலிக் கேக் விருந்தில் அந்தப் பெட்டியை நான் "குட்டிச் சவப்பெட்டி" என்று சொன்னதற்குப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் நீ. நம் பாதிரியாரிடமே, "உங்க கோயில் ஒலிபெருக்கியில கடவுளோட குரல் வந்தாக்கூட இந்தக் கரண்ட்ல கரகரன்னுதான் கேக்கும்" என்று சொன்னவன். அந்த வில்பர்ட் இன்றைக்கு இரும்பு சுருங்குகிறது என்கிறான். போன கடிதத்தில் உலகத்தில் வேறு எந்தச் சாமானும் அப்படி உறும வைக்காது, இந்தக் கடிதத்தில் கிணற்று மோட்டார். இதில் "அன்புள்ள" வேறு. நீ எனக்கு அன்புள்ள என்று எழுதி நான் பார்த்ததே இல்லை.

உனக்குத் தெரிந்துவிட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள். போன் எதற்கு பிஸியாக இருந்தது என்று புரிந்துகொள்ள எட்டாவது போதும்.

நேற்றும் உறுமியது. நான் பெட்டியைப் போடவில்லை. நீ போடச் சொன்னதாலேயே போடவில்லை. எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ரெக்கார்டுகூடப் போடாமல், அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் தன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்பதை ஒரு இரும்புப் பெட்டியின் வயிற்றிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அது அடங்கியதும் வாசலைப் பார்த்து உட்கார்ந்தேன். வந்தாள். தலையில் சவுனாவில் போடுகிற தார் சோப்பு வாசனை.

"இன்னிக்கு என்ன பாட்டு?"

"பழைய பாட்டுதான்."

"எங்க, ரெண்டு வரி பாடு கேப்போம்."

"தொண்ட கட்டியிருக்கு ஆர்வோ. ஏன் இப்படிப் பாக்குற? மாத்திரை போட்டியா?"

நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது தெரியுமா.

நேரே கேட்டுவிடு என்பாய். கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். பொய் சொன்னால் தாங்க மாட்டேன். உண்மை சொன்னாலும் தாங்க மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவள் நான் தூங்குகிறேன் என்று நினைத்து என் மூச்சைக் கவனித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். பிரியம் என்று நினைத்திருந்தேன். இவன் இன்னும் எவ்வளவு நாள் என்று கணக்குப் பார்க்கிறாளோ என்று இப்போது தோன்றுகிறது. பார், என் புத்தி எங்கே போய்விட்டது.

கிளைடு மீன் கொண்டுவந்தான். "வேண்டாம், நெஞ்சுக்கு ஆகாது" என்று கதவிலேயே திருப்பி அனுப்பினேன். மீன் நெஞ்சுக்கு நல்லது என்று அவனுக்கும் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் சவுனாவில் என் லெம்பியோடு உட்கார்ந்திருப்பது கிளைடா? ஆம் இல்லை என்று எழுது. வருகிற சனிக்கிழமைக்குள் பதில் வரவில்லையென்றால், உறுமல் ஆரம்பித்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வயல் வழியாக நடந்து வந்து கதவைத் திறந்து பார்த்துவிடுவேன். பனி இடுப்பளவு இருந்தால் இருக்கட்டும்.

ஆர்வோ

*

லேக் வொர்த்
22 பிப்ரவரி 1996
அவசரத் தபால்

ஆர்வோ,

வயலில் இறங்காதே. இதை முழுக்கப் படி.

போன கடிதத்தில் பெட்டியைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். எழுதும்போதே கை கூசியது. யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல மாட்டேன் என்று மார்லிஸிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் சொல்லப்போவதில்லை. என் அடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடுப்பைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் வாக்கு வாங்கவில்லை.

அந்தச் சுவிட்சில் இரண்டு நிலை. முழுச் சூடு, பாதிச் சூடு. முழுச் சூட்டில் அடுப்பு கரண்டை இரண்டு காலாலும் நடக்கவிடுகிறது. பாதிச் சூட்டில் ஒரு காலைக் கட்டிவிடுகிறது, கரண்ட் நொண்டுகிறது. அந்த நொண்டல் கம்பி வழியாக வந்துதான் ஆம்ப்ளிஃபையரின் இரும்பை உறும வைக்கிறது. முழுச் சூட்டில் உறுமவே உறுமாது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். பாதியில் மட்டும்தான் உறுமும்.

அந்தப் பாதிச் சூடு இரண்டு பேருக்குக் காணாது. இரண்டு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கரண்டித் தண்ணீர் ஊற்றினால் கல் செத்துப்போகும், ஆவி எழும்பாது. நானும் மார்லிஸும் சேர்ந்து போகும்போது முழுச் சூடுதான். அப்போது ஆம்ப்ளிஃபையர் பேசாமல் இருக்கும். அவள் மட்டும் தனியாகப் போகும்போதுதான் பாதிக்குத் தள்ளுவாள். அப்போதுதான் உறுமும்.

உறுமினால் பலகையில் ஒரே ஆள். இரண்டாவது ஆள் இருக்க முடியாது. பத்து வருஷமாக நான் சொன்னதில் எதை நம்பாவிட்டாலும் இதை நம்பு.

அந்த ஒரே ஆள் ஏன் யாரிடமும் சொல்லாமல் வருகிறாள் என்பதை ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் கேட்ட வார்த்தையை நினைத்துப் பார்த்து நீயே தெரிந்துகொள்.

பூட்ஸைக் கழற்று.

வில்பர்ட்

*

டாபியோலா
25 பிப்ரவரி 1996

மச்சான்,

உன் தபால் நேற்று மத்தியானம் வந்தது. பூட்ஸ் அடுப்புப் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. கம்பளித் தொப்பியையும் எடுத்து வைத்திருந்தேன். லெம்பி கேட்டதற்கு, "தபால்காரனுக்கு வணக்கம் சொல்லப் போறேன்" என்று மழுப்பியிருந்தேன்.

படித்தேன். அப்புறம் உட்கார்ந்து மறுபடி படித்தேன். கடைசி வரிக்கு வந்ததும் சிரிப்பு வந்தது பார், தைத்த இடமெல்லாம் பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி வலித்தது, அப்படியும் நிற்கவில்லை. ஒரு ஃபின்னிஷ் வீட்டுப் பெண், நர்ஸ் முன்னால் சத்தியம் செய்துவிட்டு, மூன்றாவது வாரமே தாங்க முடியாமல், பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அண்ணன் வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமாக வேர்க்கிறாள். அதிலும் பாதிச் சூட்டில். உன் கரண்ட் செலவை நினைத்தாளா, முழுச் சூடு வைத்தால் பாவமும் முழுசாகிவிடும் என்று நினைத்தாளா, தெரியவில்லை.

சாயங்காலம் அவள் கிளம்பியதும் உன் பெட்டியைப் பிடுங்கினேன். ஆம்ப்ளிஃபையரை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. எனக்கே பயமாகிவிட்டது, இன்றைக்கு முழுச் சூடு வைத்துவிட்டாளோ என்று. அப்புறம் உறுமியது. மச்சான், நான் உன் ரெக்கார்டுகள் எல்லாவற்றையும் இந்தக் குளிர்காலத்தில் கேட்டுவிட்டேன். இதுபோல ஒன்றைக் கேட்கவில்லை. ஒரே ஆள், ஒரே ஆள், ஒரே ஆள் என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

அடங்கியதும் எழுந்து காப்பி போட்டேன். ஏலக்காய் ரொட்டியை நறுக்கி வைத்தேன். அவள் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றாமல் நின்றாள்.

"என்ன இது, காப்பி ஆவி பறக்குது? நான் வர்ற நேரம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டு முடிஞ்சது காதுல விழுந்துச்சு."

"கோயில்லேருந்து இங்கயா?"

"நீ கட்டைக் குரல்ல பாடுற லெம்பி. உறுமுற மாதிரி. ஊருக்கே கேக்கும்."

"போடா" என்றாள். இரண்டு துண்டு ரொட்டி கூடச் சாப்பிட்டாள்.

எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். ஆக உனக்கு இப்போது இரண்டு வாக்கு. நாளைக்குக் கிளைடைக் கூப்பிட்டு, அவன் மீன் நெஞ்சுக்கு நல்லதா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன், கொண்டுவா என்று சொல்லப்போகிறேன். பாவம், அவள் வண்டி சிக்கக் கூடாது என்று பாதை தள்ளினதைத் தவிர அவன் ஒரு பாவமும் செய்யவில்லை.

ஆர்வோ

*

லேக் வொர்த்
17 மார்ச் 1996

ஆர்வோ மாப்பிள்ளைக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். மார்லிஸ் எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டாள். இரும்பு சுருங்குகிறது என்றேன். இந்த வீட்டில் இப்போது அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது. மூச்சு முட்டுகிறது. இந்த வேலையை இனிமேல் எனக்குக் கொடுக்காதே.

ஏப்ரல் கடைசியில் வருகிறோம். அதற்குமுன் ஒரு கேள்விக்கு மட்டும் கேலியில்லாமல் பதில் எழுது. நீ குளிர்காலம் முழுவதும் வடிகட்டிப் பெட்டியைப் போட்டும் கேட்டிருக்கிறாய், எடுத்தும் கேட்டிருக்கிறாய். பத்து வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சாட்சி நீ. உறுமலை விடு. பெட்டியைப் போட்டால் பாட்டு நன்றாக இருக்கிறதா, இல்லையா? இல்லை என்றாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். எனக்கே சில சமயம் சந்தேகம் வருகிறது. இதை யாரிடமும் சொல்லாதே.

வில்பர்ட்

*

டாபியோலா
14 ஏப்ரல் 1996

வாத்தியார் மச்சானுக்கு,

ஆக மூன்று வாக்கு. இது எங்கே போய் முடியுமோ.

உன் கேள்விக்குப் பதில். போட்டுப் பார்த்தேன், எடுத்துப் பார்த்தேன். அக்கார்டியன்காரன் இரண்டாவது பாட்டில் வைக்கிற தப்பு விரலைப் பெட்டி இருந்தாலும் வைக்கிறான், இல்லாவிட்டாலும் வைக்கிறான். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை, சத்தியமாகச் சொல்கிறேன், பாடுகிற அந்தப் பெண் மூச்சு இழுப்பது என் காதுப் பக்கத்தில் கேட்டது. நீ சொன்னாயே, அதே மாதிரி. மயிர்க்கூச்செறிந்துவிட்டது. வில்பர்ட், நீ ஜெயித்துவிட்டாய் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு எழுந்து போய்ப் பார்த்தேன். பெட்டியில் செருகியிருந்தது காப்பிப் பானை. ஆகவே எனக்குத் தெரியவில்லை. அழுக்கை வடிகட்டுகிறது, அது உண்மை. பாட்டை நன்றாக்குகிறதா என்றால், நீ வந்ததும் இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்வோம், மார்லிஸ் பிளக்கை மாற்றட்டும். உனக்குப் பயமாக இருந்தால் வேண்டாம்.

இப்போது செய்தி. புதன்கிழமை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "போகலாம். ஆனா கீழ்ப் பலகைதான், கொஞ்ச நேரம்தான்" என்றார். அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதில் அவருக்கு வலித்துவிட்டது. நேற்று காலையிலிருந்தே விறகு போட்டேன். கிளைடு வெட்டிக் கொடுத்த விறகு. நான் கீழ்ப் பலகையில் உட்கார்ந்தேன். லெம்பி மேலே ஏறி உட்கார்ந்து ஒரு கரண்டித் தண்ணீரைக் கல்லில் ஊற்றினாள். ஆவி கிளம்பி வந்து தோளில் உட்கார்ந்தது. மச்சான், அதைப் பற்றி எழுத எட்டாவது போதாது.

"அப்பாடா!" என்று லெம்பி பெருமூச்சு விட்டாள். "எத்தன மாசமாச்சு! மறந்தே போச்சு ஆர்வோ, எப்படி இருக்கும்னு."

என்ன நடிப்பு! கண்ணை மூடி, உதட்டைக் கடித்து. நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"பாவம்" என்றேன். "என்னால உனக்கும் கஷ்டம்."

"அத விடு. சொல்ல மறந்துட்டேன். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி இனிமே கிடையாதாம்."

"ஏன், கரண்ட் போச்சா?"

கரண்டியிலிருந்து சொட்டு மட்டும் கல்லில் விழுந்து சீறியது. திரும்பிப் பார்த்தேன். கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள், முகம் சிவந்து. அது சூட்டினாலா என்று சொல்ல முடியாது.

"யார் சொன்னா?" என்றாள். "அண்ணனா?"

"அவன் வாயத் திறக்கல. அவனோட பாட்டுப் பெட்டிதான் வாரா வாரம் சொல்லுச்சு. பாதிச் சூட்டுல என்னடி குளியல் அது?"

"தெரிஞ்சுக்கிட்டேவா காப்பி போட்டுவச்சுக்கிட்டு உக்காந்திருந்த? கள்ளப் பயலே!"

கரண்டியிலிருந்த தண்ணீரில் பாதியை என் தலையில் ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீர், நெஞ்சு ஒரு தடவை குதித்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது. மீதிப் பாதியைக் கல்லில் ஊற்றினாள். பிறகு, சூடு அதிகமிருக்கிற மேல் பலகையை விட்டு இறங்கி வந்து, "நகரு" என்று சொல்லி, என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

ஆர்வோ